கொக்கு இறகு விரிக்கும் மாதம்

மழைக்காலம் வந்துவிட்டால் சிகந்தராபாத் மெட்டுகூடாவில் எல்லோரும் துணி காயவில்லை என்று புலம்புவார்கள். தியோடர் மட்டும் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், வானம் ஓட்டையில்லாமல் மூடியிருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே இறங்கி வருவான்.

மௌலா அலி பக்கத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலையில் அவன் போட்டோகிராபர். விரிசல் விட்ட வெல்டிங், புதிதாக வந்து இறங்கிய வால்வு, ஓய்வு பெறுகிறவரின் கழுத்து மாலை என்று வாரத்தில் ஆறு நாளும் அதே படங்கள். ஏழாவது நாள் அவனுடையது. ஊருக்குத் திரும்பிய ரஷ்ய எஞ்சினியர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கேமராவையும், கை நீளத்துக்கு இருக்கும் அதன் தூர லென்சையும் தோளில் மாட்டிக்கொண்டு, உப்பல் போகும் வழியில் இருக்கும் ஏரிக்கு, அந்த ஊர்ப் பேச்சில் செருவுக்கு, கொக்குப் படமெடுக்கப் போய்விடுவான்.

"வெயில்ல கொக்கைப் படமெடுத்தா சுண்ணாம்பு அடிச்ச சுவர்தான் கிடைக்கும்" என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லுவான். "மேகம் மூடியிருந்தா ஒவ்வொரு இறகும் தனித்தனியா நிக்கும். வெள்ளைக்குள்ள எத்தனை வெள்ளை இருக்குன்னு அப்பதான் தெரியும்."

பெரும்பாலும் கேட்பவர் யாரும் இருக்கமாட்டார்கள், அவன் மனைவி ஞானசௌந்தரியைத் தவிர. நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். சிகந்தராபாத் ரயில்வே எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டர். முந்நூறு நம்பர் மனப்பாடம். எந்த ஆபீசர் இன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் சொல்லும் முதல் ஹலோவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வாரேன், வெயில் ஏறுததுக்குள்ள திரும்பிரலாம்லா?" என்று கேட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தவள், அதன்பிறகு ஒன்பது மழைக்காலம் ஒரு ஞாயிறும் விடவில்லை. குழந்தை இல்லை. அதைப்பற்றி ஊரில் இருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது. விடியற்காலையில் செருவு, ஒன்பது மணிக்குத் தமிழ் ஆராதனை, மத்தியானம் கறிக்குழம்பு. அவர்களுக்கு ஞாயிறு என்றால் இதுதான்.

செருவுக் கரையில் அவளுக்கு இரண்டு வேலை. கொக்கின் மேல் நேராக வெளிச்சம் அளக்க முடியாது. கறுத்த தண்ணீர் கருவியை ஏமாற்றிவிடும். அதனால் அவள் உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரிக்க, அவன் கேமராவை அதன் அருகே கொண்டுபோய் அளவு பார்த்துக்கொள்வான். இரண்டாவது, எந்தப் படத்துக்கு என்ன அளவு வைத்தான் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது.

1979 ஜூனில் அவளுக்குத் தலைவலி வந்தது. அதற்கு முன்பே தெருவிளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்று இரண்டொரு முறை சொல்லியிருந்தாள். வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவன் சொன்னான். அவளுக்கு முப்பத்தாறு வயது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு இருவரும் கண் டாக்டரிடம் போனார்கள். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். அவளை இருட்டறையில் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறியிருக்கு. பார்வை ஓரத்தில் இருந்து சுருங்கிக்கிட்டே வருது. வலது கண் ரொம்ப மோசம். போனது திரும்பாது, அம்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து தர்றேன், ஆனா அது போதாது. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணணும். கடிதம் எழுதித் தர்றேன், ஒரு மாசத்துக்குள்ள போயிடுங்க."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்புமுன் தியோடர் கொஞ்சநேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். அந்த வருஷம்தான் முதன்முதலாகச் செருவின் நடுவே இருக்கும் கருவேல மரங்களில் கொக்குகள் கூடு கட்ட வந்திருந்தன. கூடு கட்டும் காலத்தில் மட்டும் அவற்றின் முதுகில் வலைத்துணி மாதிரி நீள இறகுகள் முளைக்கும்; ஜோடியைக் கண்டதும் அதை விசிறியாக விரிக்கும். நாலு வருஷமாக அவன் காத்திருந்த படம் அது. மேகமும் வேண்டும், இறகும் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் போனால் இரண்டும் போய்விடும்.

"செப்டம்பர்ல போகலாமா ஞானம்?" என்றான். "இப்ப லீவு கேட்டா குடுக்கமாட்டாங்க. செப்டம்பர்ல பத்து நாள் சேர்த்தே எடுத்துடறேன்."

லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் சொல்லும்போது அது பொய் மாதிரியே இல்லை.

"சரிங்க," என்றாள் அவள். "சொட்டு மருந்துதான் தந்திருக்காவளே."

அடுத்து அவன் கேட்டது, வழியில் ஃபிலிம் கடையில் நிறுத்திப் போகலாமா என்பதுதான். பின்னால் எத்தனையோ நாள் இந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அவன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். டாக்டர் சொன்னதை விட்டுவிட்டான், செப்டம்பர் என்றதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிட்டான். ஃபிலிம் கடையை மட்டும் அவனால் விடமுடியவில்லை.

அந்த மழைக்காலம் அவன் கேட்டமாதிரியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வானம் சாம்பல் நிறத்தில் இறங்கி நிற்கும், நிழலே விழாது. தண்ணீர் ஸ்லேட் பலகை போல அசையாமல் கிடக்கும். அதில் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமுமாகச் சின்னக் கொக்குகள் ஒவ்வோர் அடியாக எடுத்துவைக்கும். அவன் தென்னை ஓலையில் கட்டிய மறைப்புக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பான். அவள் ரப்பர் விரிப்பின்மேல் பக்கத்தில்.

ஜூலையில் ஒருநாள் நோட்டைப் புரட்டியவன், "என்ன ஞானம், ஒரு வரி மேல இன்னொரு வரி எழுதி வச்சிருக்கே?" என்று கடிந்துகொண்டான்.

"நோட்டு ஈரமாயிட்டுங்க. இனிமே சொல்லுங்க, நான் மனசுல வச்சுக்கிடுதேன். வீட்டுக்குப் போய் நீங்க எழுதிக்கிடுங்க."

அப்படியே செய்தாள். முப்பத்தாறு படத்துக்கும் அளவுகளை வரிசை தப்பாமல் ஒப்பித்தாள். அவனுக்கு ஒரே பெருமை. ஆலையில் நண்பர்களிடம்கூடச் சொன்னான்.

கரையில் டீக்கடை வைத்திருந்த அப்துல் ரஹீம் அந்த வருஷம் புதிதாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருந்தார். தியோடருக்கு டீயைப் பலகையில் வைத்துவிட்டு, ஞானசௌந்தரியின் கிளாசை மட்டும் தானே எடுத்துவந்து, "லோ பேட்டி, கரம் ஹை", இந்தா மகளே, சூடாயிருக்கு, என்று சொல்லி அவள் விரல்கள் கிளாசைச் சுற்றிப் பிடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார். பெரியவருக்கு அவள்மேல் பாசம் என்று தியோடர் நினைத்தான்.

ஆகஸ்ட் நடுவில், ஒரு ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு, அந்தப் படம் கிடைத்தது. கருவேலங்கிளை ஒன்றில் ஆண் கொக்கு உட்கார்ந்திருந்தது. பெட்டை குச்சியோடு வந்து இறங்கியதும் அது கழுத்தை மேலே நீட்டி, பின்னுக்கு வளைத்து, முதுகு இறகு முழுவதையும் ஒரேயடியாக விரித்தது. காற்றே இல்லை. விரித்த இறகின் வழியாகப் பின்னால் இருந்த இலைகள் மங்கலாகத் தெரிந்தன. தியோடர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு முறை அமுக்கினான். ஐந்தாவது முறை அமுக்குமுன் இறகு மடங்கிவிட்டது.

"விரிச்சுதா?" என்று ரகசியமாகக் கேட்டாள் அவள்.

"ஏன், பார்க்கலியா நீ?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா விரிச்சுது."

அவன் சிரித்துக்கொண்டே அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். கிழவனைப்போல முட்டி வலித்தது. சின்னப்பையனைப்போலச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ஆராதனைக்குத் தாமதமாகித்தான் போனார்கள்.

பிரிண்ட் போடுவதற்குள் இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆலையின் இருட்டறையில்தான் பெரிய தாள் இருந்தது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை மாலை, அலுவலகப் படங்களோடு சேர்த்து ஒரே கவரில் போட்டுக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தான். மழை வரும்போல இருந்தது. ஞானசௌந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையைத் துடைச்சுக்கோ," என்றான். கவரில் கைவிட்டு மேலே இருந்ததைப் பார்க்காமலே உருவி, ஓரத்தைப் பிடித்து, அவள் கையில் கொடுத்தான். "எப்படி இருக்கு, சொல்லு."

கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனான். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"யம்மா! கழுத்து எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க. ஒவ்வொரு இறகும் தனித்தனியால்லா நிக்கி. இதைக் கல்கத்தா எக்சிபிஷனுக்கு அனுப்புங்க, கண்டிப்பா எடுப்பாவ."

சிரித்துக்கொண்டே திரும்பிய தியோடர் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். அவள் கையில் இருந்தது வால்வு. மூன்றாம் நம்பர் ஷெட்டில் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்த இரும்பு வால்வு. அவள் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ரசித்துத் தலையை லேசாகச் சாய்த்திருந்தாள்.

முதலில் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தான். பிறகு அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றான். சத்தமில்லாமல் கையை உயர்த்தி, அவள் கண்ணுக்கு எதிரே அசைத்தான். அவள் சிரிப்பு அப்படியே இருந்தது.

"என்னங்க, பேச்சையே காணும்?"

"ஞானம்," என்றான். "அது கொக்கு இல்ல."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. படத்தை மடியில் வைத்தாள். நறுக்கின காயின்மேல் அது பாதி விழுந்தது.

"என்ன படம் அது?"

"ஆபீஸ் படம். வால்வு."

"ஓ," என்றாள்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எத்தனை நாளா?"

"வலது கண்ணு டாக்டர்ட்ட போனப்பவே இல்ல. இடதுல ஒரு குழாய் வழியா பாக்க மாதிரி கொஞ்சம் இருந்துச்சு. வெயில்னா அதுவும் கரைஞ்சு போவும். மேகமா இருந்தா கறுப்புத் தண்ணியில வெள்ளையா ஒண்ணு நகருறது தெரியும். கொக்கு மட்டுந்தான் எனக்கு நல்லா தெரிஞ்சுது, கேட்டீங்களா? ரோடு தெரியல, மனுசர் முகம் தெரியல, அது தெரிஞ்சுது. ஆகஸ்ட் பொறந்த பெறகு அதுவும் போயிட்டு."

"அப்ப அன்னிக்கு..."

"உங்க மூச்சு நின்னுச்சு. அதை வச்சுத்தான் விரிச்சுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் சொல்லல நீ? சொல்லியிருந்தா அடுத்த ரயில்ல மெட்ராஸ் போயிருப்போமே!" அவன் குரல் கத்தலாகவே வந்தது.

"நீங்கதான் செப்டம்பர்னு சொன்னீங்க."

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவள் மடியில் கிடந்த படத்தைத் தடவி எடுத்து ஓரமாக வைத்தாள். "எனக்கும் பயம். கண்ணுல கத்தி வைப்பாவன்னு நெனச்சாலே தூக்கம் வராது. நீங்க செப்டம்பர்னதும் எனக்கு ஒருவகையில நிம்மதியாத்தான் இருந்துச்சு. உங்க மேல மட்டும் போட்டுக்கிடாதீங்க."

திங்கட்கிழமை இரவு ரயிலில் மெட்ராஸ் போனார்கள். கேட்ட உடனே லீவு கொடுத்தார்கள்.

மெட்ராஸ் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. இரண்டு கண்ணையும் நெடுநேரம் சோதித்தார். விளக்கைப் போட்டும் அணைத்தும், "இப்ப வெளிச்சம் இருக்கா? இப்ப?" என்று கேட்டார். ஞானசௌந்தரி சில தடவை சரியாகச் சொன்னாள், சில தடவை தவறாகச் சொன்னாள். கடைசியில் டாக்டர் விளக்கை ஒரேயடியாக அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"வலி வராம இருக்க ஒரு ஆபரேஷன் பண்ணலாம். பார்வைக்குன்னு இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்லை. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. அங்க டாக்டர்கிட்ட எப்போ காட்டினீங்க?"

தியோடர் வாயைத் திறந்தான். அதற்குள் பக்கத்தில் இருந்தவள் முந்திக்கொண்டாள்.

"இப்பந்தான் டாக்டர், ஆகஸ்ட் கடைசியில. தெரிஞ்சதும் இவுக உடனே கூட்டிட்டு வந்துட்டாவ."

அவள் டாக்டரின் குரல் வந்த திசையைப் பார்த்து, பணிவாக, தெளிவாகச் சொன்னாள். அந்த வயதான டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதம் அப்போது அந்த அம்மாள் கையில்தான் விரிந்திருந்தது. ஜூன் பதினான்கு என்று மேலே தேதி போட்டிருந்தது. அதன்கீழே, ஒரு மாதத்துக்குள் என்று இரண்டு கோடு அடித்திருந்தது. டாக்டர் கடிதத்தைப் பார்த்தார். தியோடரைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, "சரிம்மா," என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அந்த "சரிம்மா"வை அவனால் தாங்கமுடியவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் ஞானசௌந்தரி வேலைக்குப் போனாள். எக்ஸ்சேஞ்ச் பலகையில் கம்பி செருகும் ஓட்டை எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். அழைப்பு வந்தால் விழும் தகட்டின் சத்தத்தை வைத்தே எந்த வரிசை என்று சொல்லிவிடுவாள். தெரியாத இடத்தில் பக்கத்து நாற்காலி கனகம் சொல்லிக்கொடுத்தாள். கனகம் ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பத்துப் பெண், வாய் ஓயாதவள். தியோடரைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏன் சார், ஜூலைல இருந்து நான்தானே அக்காவுக்கு எல்லாம் படிச்சுக் காட்டறேன்? உங்களுக்குத் தெரியும்னு இல்ல நினைச்சுட்டு இருந்தேன்!"

தியோடர் கேமராவைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே போட்டான். கல்கத்தாவுக்குப் படத்தை அனுப்பவில்லை. வீட்டில் ஒரு வேலையும் அவளைச் செய்யவிடவில்லை. சமைத்தான், துவைத்தான், தலைகூட வாரிவிட்டான். அவள் எழுந்தால் எழுந்தான். ஒரு சுடுசொல் கிடையாது, ஒரு சண்டை கிடையாது. முன்பு இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது உப்பு, புளி என்று ஏதாவது சொல்லிச் சண்டை போடுகிறவர்கள்.

அடுத்த வருஷம் ஜூன் மூன்றாம் ஞாயிறு, விடிகிற நேரத்தில் அவன் விழித்தபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு, கதவோரம் நின்றிருந்தாள்.

"மூடியிருக்குல்லா?" என்றாள். "முகத்துல வெயில் படல. கெளம்புங்க."

"எங்கே?"

"எங்கயா? செருவுக்கு."

"நக்கோ ஞானம், வேண்டாம். அங்க என்ன இருக்கு?"

"கொக்கு இருக்கு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது.

"என் கண்ணு போனது போச்சு. ஞாயித்துக்கெழமையும் சேந்து போவணுமா? நான் என்ன, படம் பாக்கவா உங்க கூட வந்தேன் இத்தனை வருசமும்? நீங்க பேசுவீங்கன்னுதானே வந்தேன். அங்க வச்சுத்தானே நீங்க பேசுவீங்க! இப்ப எனக்குச் சோறு ஊட்டுதீங்க, தலை வாருதீங்க, ஒரு வார்த்தை பேசமாட்டீங்க. ஆசுபத்திரி ஆயா மாதிரி வீட்டுல நடமாடுதீங்க. எனக்கு அது வேண்டாம்."

"என்னால முடியாது," என்றான் அவன். "அந்த மரத்தைப் பார்க்க என்னால முடியாது ஞானம். என்னைக் கேட்காதே."

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் அவள் கையைப் பிடிக்க எட்டு அடிதான். அந்த எட்டு அடியை அவன் அன்றைக்கு நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கனகம் வந்தாள், கையில் குடையும் டிபன் டப்பாவுமாக. இருவரும் கைகோத்துக்கொண்டு உப்பல் பஸ் ஏறப் போனார்கள். கனகம் தெரு முனைவரை ஏதோ சொல்லிக்கொண்டே போவதும், ஞானசௌந்தரி சிரிப்பதும் கேட்டது. தியோடர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தாள். புடவைக் கரையில் சேறு. கனகம் வாசலோடு போய்விட்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சுங்க." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். "கனகம் எண்ணிச் சொன்னா. முப்பத்தி நாலாம். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியல. எல்லாத்தையும் கொக்குங்கா. ஒண்ணு தண்ணிக்குள்ள வாயை வச்சுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கிட்டே போச்சாம். வாய் நுனி தட்டையாம். அது என்னதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல."

அவனுக்குத் தெரியும். கரண்டிவாயன். பத்து வருஷத்தில் அந்தச் செருவில் அவன் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. சொல்லவேண்டியது ஒரு வார்த்தை. அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். அவன் எழுந்துகொண்டான்.

"காபி போடறேன்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். தண்ணீர் இரைச்சலுக்குள் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் அழுதான். பத்து நிமிஷமோ கால் மணியோ தெரியாது. பிறகு முகம் கழுவி, குழாயை மூடி, காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

அவள் இருந்த இடத்திலேயே, சமையலறைப் பக்கமே முகத்தைத் திருப்பியபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

டம்ளரை அவள் கையில் கொடுத்தான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் கனகம் வாரேன்னுருக்கா," என்றாள்.

"ஹவ், சரி," என்றான் தியோடர். "போயிட்டு வா."